கடைசியில் நிற்கும் பூஜ்யங்கள்

பாரத தேசத்தின் ஜனத்தொகை எவ்வளவு என்று யாராவது கேட்டால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 121 கோடி என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் கணக்கெடுத்தவர்கள் அச்சிட்ட தொகை 1,21,08,54,977. இத்தனை இலக்கங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்துக் கேட்பவரைத் திகைக்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆகையால் பெருந்தொகைகளை முழுதாக்கிச் சொல்வது உலக வழக்கமாகிவிட்டது. அது தவறும் அன்று. எனினும், அதற்கு ஒரு முறை உண்டு. அம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. இந்த வாரம் அவ்விரண்டையும் நேயர்களுடன் சற்று ஆராயலாம் என்று எண்ணுகிறோம்.

முறை வெகு சுலபம். ஆயிரமா, லட்சமா, கோடியா, எந்த ஸ்தானம் வரையில் நமக்கு வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த ஸ்தானத்துக்கு வலப்பக்கத்தில் அடுத்தாற்போல் நிற்கும் ஒரே ஓர் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது 5 அல்லது அதற்கு மேற்பட்டதானால், நாம் தேர்ந்த ஸ்தானத்தில் ஒன்றைக் கூட்டவேண்டும். 4 அல்லது அதற்குக் குறைந்ததானால், உள்ளபடியே விட்டுவிடலாம். வலப்பக்கத்து இலக்கங்கள் யாவும் பூஜ்யங்களாகிவிடும்.

மேற்சொன்ன தொகையையே எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தின் ஸ்தானத்தில் இருப்பது 4. அதன் வலப்பக்கம் 9. ஆகவே ஆயிரம் வரையில் முழுதாக்கினால் 121 கோடியே 8 லட்சத்து 55 ஆயிரம். லட்சத்தின் ஸ்தானத்தில் 8. அதன் வலப்பக்கம் 5. ஆகவே 121 கோடியே 9 லட்சம். கோடியின் ஸ்தானத்தில் 1; அதன் வலப்பக்கம் பூஜ்யம். ஆகவே 121 கோடி. ஒரே தொகைக்கு மூன்று விடைகள், மூன்றும் சரியானவையே.

இங்கே ஓர் எச்சரிக்கை. முழுதாக்கிய தொகையை மறுபடியும் முழுதாக்கக் கூடாது. 3,49,60,000 ரூபாயை லட்சத்துக்கு முழுதாக்கினால் 3 கோடியே 50 லட்சம். அதைத் திரும்பவும் கோடிக்கு முழுதாக்கினால் 4 கோடி! அசல் தொகையை நேரே கோடிக்கு முழுதாக்கினாலோ 3 கோடிதான். எப்பொழுதும் அசலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இனி எல்லையைப் பற்றிச் சொல்வோம். 2008-ஆம் ஆண்டு ராஜஸ்தான் சட்டசபைத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் கல்யாண் சிங் சௌஹான் பெற்ற வோட்டுக்கள் 62,216, ஸி. பி. ஜோஷி பெற்றவை 62,215. பத்தின் ஸ்தானத்துக்கு முழுதாக்கினாலும் இருவருக்கும் 62,220 தான். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைச் சொல்வது கடைசி இலக்கம் ஒன்றே. அத்தகைய இடத்தில் முழுதாக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. 1943-இல் வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தில் மாண்டவர்கள் எத்தனை பேர்? 1945-இல் வெளியான பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை சுமார் 15 லட்சம் என்றது. பிற்காலத்தில் ஆராய்ந்த அமர்த்தியா ஸென் சுமார் 30 லட்சம் என்றார். இவற்றைக் கோடிக்கு முழுதாக்கிப் பாருங்கள். பத்து லட்சத்தின் ஸ்தானத்தில் ஒன்றில் 1, மற்றொன்றில் 3. இரண்டும் 5-க்குக் குறைவு. ஆகவே விடை பூஜ்யம்! விதிப்படி பார்த்தால் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மாகாணத்தின் மயானம் முழுவதும் அந்தப் பூஜ்யத்துக்குள் மறைந்துபோகிறது. ஸ்தானத்தைத் தேர்ந்தெடுப்பவன் யாரைக் கணக்கில் வைப்பது, யாரை விடுவது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 121 கோடியின் பின்னால் உள்ள பூஜ்யங்கள் எண்ணி முடித்த பிறகு வந்தவை. வேண்டும்போது புத்தகத்தைப் புரட்டி 977 வரையில் மீட்டுக்கொள்ளலாம். 15 லட்சத்தின் பூஜ்யங்களோ, எண்ணுவதற்கு ஆளில்லாமல் வந்தவை. வங்காளக் கிராமங்களில் மரணங்களைத் தெரிவிக்க வேண்டியவர் சௌக்கிதார் என்னும் காவற்காரர். அவர்களிலும் பலர் மாண்டார்கள். பலர் ஊரைவிட்டு அகன்றார்கள். திரும்பிச் சென்று பார்ப்பதற்கு அங்கே அசல் தொகை என்று ஒன்று இல்லை. காகிதத்தில் இவ்விரு வகைப் பூஜ்யங்களும் ஒரே வட்டமாகத்தான் காட்சியளிக்கின்றன.

ஆகவே, பத்திரிகையிலோ வரவு செலவுத் திட்டத்திலோ நீண்ட பூஜ்ய வரிசையைக் கண்டால், நேயர்கள் மூன்று கேள்விகள் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம். இது எண்ணிய தொகையா, ஊகித்த தொகையா? எந்த ஸ்தானத்துக்கு முழுதாக்கியிருக்கிறார்கள்? விட்டுப்போனது எவ்வளவு? வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இம்மூன்றாவது கேள்வியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். 121 கோடி என்று சுருக்கியபோது விட்டுப்போனவர்கள் 8,54,977 பேர் என்பதை அவர்களே கழித்துக் கண்டுபிடிக்கட்டும்.