ஆயாவின் கால்களும் ஆறாவது மாடியும்

போன வாரம் ஆயாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வீட்டுக் கதவிலிருந்து கீழே நின்ற ஆட்டோவுக்குப் போய்ச்சேர இருபது நிமிஷம். (ஆட்டோக்காரர் நல்லவர், வெயிட்டிங் சார்ஜ் கேட்கவில்லை!) இதே ஆயா 2020 மார்ச் வரை விடியற்காலையில் பூக்கூடையோடு பெரும்பாக்கத்தில் பஸ் ஏறி, சைதாப்பேட்டை வரை தனியாகப் போய் வியாபாரம் பார்த்துவிட்டு வந்தவர். கேட்டால் எல்லோரும் "வயசாயிடுச்சு" என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. மே மாதம் தளர்வுகள் வந்தபோதும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வர வேண்டாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. சென்னையில் மாநகரப் பேருந்து மறுபடி ஓடியது செப்டம்பர் 1-ல்தான். ஐந்து மாதத்துக்கு மேல் ஆயா ஆறாவது மாடியை விட்டு இறங்கவில்லை. நாங்கள்தான் இறங்க விடவில்லை. லிஃப்டில் பத்து பேர் மூச்சு விடுவார்கள், பட்டனை நூறு பேர் தொடுவார்கள் என்று பயம். நான் அப்போது பத்தாம் வகுப்பு, 'ஆல் பாஸ்' பேட்ச். ஆயா தண்ணீர் கேட்கும் முன்னே கொண்டுபோய்க் கொடுப்பேன். பெரிய சேவை செய்வதாக நினைப்பு.

இப்போது பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷினை ஓட்ட ஓட்ட அதன் மதிப்பு குறையும். மனுஷக் கால் நேர்மாறு, ஓட்டாமல் வைத்தால்தான் தேயும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஆயா படுத்துக் கிடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 400 சதுர அடிக்குள் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எவ்வளவு தூரம் நடந்துவிட முடியும்?

'வீட்டிலேயே இருங்கள்' என்றது தப்பு என்று சொல்ல வரவில்லை. தடுப்பூசி இல்லாத காலம், முதியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆனால் அது பாதி அறிவுரை. வீட்டுக்குள் எப்படி இருப்பது என்கிற மீதிப் பாதி எங்கள் மாடிக்கு வந்து சேரவே இல்லை. 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது உடலசைவு, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் சொன்னது. கைகழுவச் சொன்ன காலர் டியூனில் இதற்கும் ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூவம், அடையாறு கரைகளில் தரையோடு தரையாக வாழ்ந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே எட்டு அடுக்குக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். அங்கே கதவைத் திறந்தால் தெரு. இங்கே தெருவுக்கும் நமக்கும் நடுவே லிஃப்ட். பெரும்பாக்கத்தில் லிஃப்ட் பழுதாகும் செய்தி பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. இளைஞனுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். முட்டிவலிக்காரருக்கு அன்றைக்கு ஊரடங்கு, எந்த அரசாணையும் தேவையில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்த்தி. நல்ல விஷயம். கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் கிண்டிக்குப் போக முதலில் கீழே இறங்க வேண்டுமே! நான் கேட்பது சின்ன விஷயங்கள். ஒவ்வொரு மாடி வராந்தாவிலும் சுவரோடு ஒரு கைப்பிடி, உட்கார ஒரு பெஞ்சு. மேலே இருக்கும் முதியவர் கீழ் வீட்டுக்காரரோடு சம்மதித்து வீடு மாற்றிக்கொள்ள எளிதான வழி.

பிசியோதெரபி செய்பவர் சொல்லிக்கொடுத்தபடி ஆயா இப்போது சாயங்காலம் வராந்தாவில் ஆறு சுற்று நடக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நடுவழியில் நிற்கும் பக்கத்து வீட்டு சைக்கிளோடு தினமும் ஒரு சண்டை.