வேளை வரவில்லையாம்!

"பொறுத்திரு, கர்த்தரின் வேளை வரும்" என்று நோயுற்றவனிடம் கிறித்துவப் போதகர் கூறுகையில் நாம் சினங்கொள்வதில்லை. நொந்த நெஞ்சுக்கு ஆறுதல் கிட்டுமாயின் கிட்டட்டும். ஆனால், கழுத்தில் கால்வைத்து ஒருவன் மிதிக்கையில், மிதிபடுபவனிடமும் அதையே ஓதுகிறார்களே, அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது. காலை எடு என்று மிதிப்பவனிடம் கூற நா எழாது. பொறு என்று மிதிபடுபவனிடம் கூற மட்டும் வேதம் துணைக்கு வரும்!

கற்பனையன்று, தோழர்களே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரைப் பாருங்கள். ஆண்டு 1963. அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் ஆணையிட்டு நூறாண்டு நிறைந்த ஆண்டு. அன்றும் அந்நகரில் கறுப்பர் கடைக்குள் சென்று காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். அதே கடையின் சிற்றுண்டி மேடையில் அமர்ந்து ஒரு கோப்பைக் காப்பி அருந்தலாகாது. காசுக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு! நமக்கு இது புதிய செய்தியா, என்ன?

தடையை மீறி ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 12ஆம் நாள் சிறைப்பட்டார். அன்று பெரிய வெள்ளி. அதே நாளில் வெள்ளை மதகுருமார் எண்மர், எழுவர் கிறித்துவர், ஒருவர் யூதர், கூட்டறிக்கை விடுத்தனர். கிளர்ச்சி அறிவுடைமையன்று, அதற்குரிய காலமும் இதுவன்று, வழக்குமன்றத்தை நாடுங்கள், பொறுமை காட்டுங்கள் என்பது அதன் சாரம். அவர்கள் கொடியவர்களல்லர்; நிறவெறி பேசிய ஆளுநரின் போக்கைச் சில திங்களுக்கு முன் கண்டித்தவர்களும் அவர்களுள் உண்டு. நல்லவர்கள்தாம். நல்லவர் வாயிலிருந்து வந்ததாலேயே அந்தப் பொறுமை உபதேசம் கொடியதாயிற்று.

பொறுமைக்கு உவமையாக, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனைக் காட்டுகிறது யாக்கோபின் நிருபம். நன்று. ஆனால் எந்த உழவன் கைகட்டிக் காத்திருந்தான்? உழுதான், விதைத்தான், களை பறித்தான். மழைக்குக் காத்திருந்தானேயன்றிக் களைக்குக் காத்திருக்கவில்லை!

கிங்கும் போதகரே, கடவுளை நம்பியவரே. அந்த நம்பிக்கை நமக்கில்லை. ஆயினும், செய்தித்தாளின் ஓரங்களில் சிறையிலிருந்து அவர் எழுதத் தொடங்கிய மறுமொழியை நாம் மதிக்கிறோம். காலம் தானாக எதையும் திருத்தாது, மனிதர் உழைப்பே திருத்தும் என்று அந்தப் பக்தர் வாதாடினார். பகுத்தறிவாளர் வேறென்ன கூறுகிறோம்?

மே 2ஆம் நாள் பள்ளிச் சிறுவர் சிறுமியர் வீதிக்கு வந்தனர். நாய்களை ஏவினர், தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சி வீழ்த்தினர். மே 10ஆம் நாள் உடன்பாடு கண்டது. சிற்றுண்டி மேடைகளைத் திறந்துவிட வணிகர் இசைந்தனர். நூறாண்டுப் பொறுமை ஈட்டாததை, குருமாரின் அறிக்கைக்குப் பின் 28 நாட்களில் பொறாமை ஈட்டிற்று. பொறாமை என்றால் அழுக்காறன்று, பொறுக்காமை!

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அந்நகரின் பதினாறாம் தெருப் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நிறவெறியர் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. தேவனின் வீட்டிலேயே! குற்றவாளிகள் எவரெனப் புலனாய்வுத் துறை அறிந்திருந்தும், வழக்கின்றி 1968இல் கோப்பை மூடிற்று. கோப்பு தானாகத் திறந்துகொள்ளவில்லை. 1971இல் அம்மாநில அரசு வழக்கறிஞர் ஒருவர் திறந்தார். 1977இல் ஒருவன் தண்டிக்கப்பட்டான். 2001இல் இன்னொருவன், 2002இல் மற்றொருவன். நான்காமவன் 1994இலேயே, ஒருநாள்கூடக் கூண்டிலேறாமல், இறந்து போனான்.