தனுஷ்கோடிக்கு மோட்டார் சைக்கிள் பயணம்: ஒரே நாளில் திரும்பலாமா?

திண்டுக்கல்லில் இருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை சுமார் 250 கிலோ மீட்டர். 1964-ம் ஆண்டு டிசம்பர் புயலில் அந்த ஊர் அழிந்தது. முன்பு மணலில் ஓடும் வேன்களே கதி. 2017-ல் சாலை திறந்தபின் மோட்டார் சைக்கிளே கடல் முனை வரை போகிறது. இருபுறமும் கடல், கண்கொள்ளாக் காட்சி!

ஆனால், ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பது ஆபத்து. 500 கிலோ மீட்டர் ஓட்டினால் உடல் களைக்கும், கண் சொருகும். இருட்டில், விளக்கின்றி நிற்கும் லாரி எமனாகிவிடும். விடுதி வாடகையா பெரிது? உயிர் அல்லவா பெரிது!

ராமேசுவரத்தில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் அரிச்சல்முனை பார்த்துவிட்டு, பகலிலேயே ஊர் திரும்புங்கள். பாம்பன் பாலத்தில் காற்று பலமாக வீசும், மெதுவாகச் செல்லுங்கள். பின்னால் அமரும் மனைவிக்கும் ஹெல்மெட் வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது.