கல்லூரி ஒன்றும் புரோ கபடியின் எல்.கே.ஜி இல்லை

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் போன மாதம் ஒரு அண்ணன் சொன்னார்: "காலேஜ் பசங்க ஆடுறதெல்லாம் ஒரு கபடியாப்பா? டிவில புரோ கபடி பாத்த கண்ணுக்கு இதைப் பாக்கவே முடியல." கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் சண்டைக்குப் போனேன். முழுதாகப் பேச விடவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்தான். 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் ஏலம் போட்டு ஆள் எடுக்கிறார்கள். லெப்ட் கார்னர் சரியில்லையா, காசு கொடுத்து வேறொருவரை வாங்கலாம். கல்லூரி அணிக்கு ஏலம் கிடையாது, அட்மிஷன்தான். அந்த வருஷம் யார் வந்து சேர்ந்தானோ அவனை வைத்துத்தான் ஏழு பேர். நல்ல ரெய்டர் இல்லையென்றால் கார்னரில் நிற்பவனே பாடிப் போக வேண்டும். இப்படி அமைகிற அணியை அப்படி அமைகிற அணியோடு ஒப்பிட்டுச் சிரிப்பது என்ன நியாயம்?

அடுத்தது கணக்கு. புரோ கபடியில் 12 அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். ஆக மொத்தம் 300 இடம். அதற்குள் ஹரியானா, மகாராஷ்டிரா, ஈரான் எல்லாம் வர வேண்டும். 2017-இல் நுழைந்த தமிழ் தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாக்கூரே இமாசலப் பிரதேசத்துக்காரர். அதில் தப்பில்லை, ஏலம் என்றால் அப்படித்தான். ஆனால் நம்ம ஊர்ப் பையனைப் பார்த்து "புரோ கபடிக்குப் போவியா?" என்று மட்டுமே கேட்பது, லாட்டரி சீட்டைக் காட்டி அதுதான் சம்பளம் என்று சொல்வது மாதிரி.

நடுவில் ஒரு படி இருந்தது, இன்னும் இருக்கிறது. அதைத்தான் டிவி மறக்கடித்துவிட்டது. 'பைசன்' படம் பார்த்தவர்களுக்கு மணத்தி கணேசனைத் தெரியும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர். அவர் காலத்தில் லீக் ஏது? மின்வாரிய வேலைதான் சோறு போட்டது. ஏன், 2023 ஏலத்தில் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விலைபோன பவன் செராவத்கூட தேசியப் போட்டிகளில் ரயில்வேக்கு ஆடியவர்தான். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீடு. கல்லூரி ஆட்டக்காரன் நிஜமாகவே எட்டக்கூடிய படி இதுதான். இதற்குச் சான்றிதழ் வேண்டும், டிகிரி வேண்டும், முக்கியமாக முழங்கால் வேண்டும்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு படித்தவன் ஒருத்தன், அருமையான கார்னர். கணுக்காலைப் பிடித்தான் என்றால் பிடித்ததுதான். இரண்டாம் வருஷம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. முந்தின வாரம்வரை "நம்ம பிளேயர்" என்று போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கல்லூரி, "வீட்ல பாத்துக்கச் சொல்லுப்பா" என்றது. அவன் அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. அட்டெண்டன்ஸ் குறைந்ததற்கு அபராதம் வேறு கட்டினான். இன்று திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறான். ஜெயித்தால் ஆட்டக்காரன், விழுந்தால் மாணவன். என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்பார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாதவனை புரோ லீக் எடுக்காது. அதனால் பையன்களுக்குக் கல்லூரியை விட்டால் வேறு வழியில்லை. டிவி உரிமையில் பணம் கொட்டுகிறது, கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். ஆடுகிறவனுக்கோ 2021 வரை தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கக்கூட அனுமதியில்லை. அங்கேயும் சொன்ன காரணம் "நீ மாணவன்" என்பதுதான். ஆக, இது பணப் பிரச்சினை இல்லை. பணம் இருந்தாலும் இதே பேச்சுத்தான்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. கல்லூரி ஜெர்சி போடுகிற ஒவ்வொருத்தனுக்கும், ஒவ்வொருத்திக்கும் காயக் காப்பீடு. போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவு. தவறிய தேர்வுக்கு மறுதேர்வு. புரோ கபடிக்கு ஒருத்தனைக்கூட அனுப்பாமல், ஆடின அத்தனை பேரையும் டிகிரியோடும் நல்ல காலோடும் அனுப்புகிற கல்லூரிதான் என் கணக்கில் நல்ல கபடிக் கல்லூரி.

அண்ணே, அடுத்த மேட்ச்சுக்கு நேரில் வாங்க. தரத்தைப் பத்தி அங்கேயே பேசுவோம். அதுக்கு முன்னாடி, விழுந்த பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டோவுக்கு யார் காசு குடுக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க.