138 பஸ்ஸும் போட்டிச் சட்டமும்



வேலை நாளொன்றில் காலை எட்டு மணிக்குக் கிருலப்பனைச் சந்தியில் நின்று பாருங்கள். 138 பஸ் ஒன்று தரிப்பிடத்தை விட்டு நகர மனமில்லாமல் நிற்கும். நடத்துனர் “கொட்டுவ, கொட்டுவ” என்று கூவிக்கொண்டிருப்பார். பின்னால் இன்னொரு 138 தலைகாட்டியதுதான் தாமதம், முன்னது ஹைலெவல் வீதியில் பறக்கும். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்கும் அம்மாவின் பாடு அவரோடு. கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, இரண்டிலும் ஒன்றே. ஆகவே விலையில் போட்டியில்லை, வசதியில் போட்டியில்லை, ஆள் பிடிப்பதில் மட்டும் போட்டி. 1958இல் அரசுடைமையான பஸ் சேவையில் 1979இல் தனியாருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கதவைத் திறந்தவர்கள் விதிகளைச் சரியாக எழுதவில்லை என்பதே என் கட்சி.

இதைக் காட்டி, போட்டியே வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் வெள்ளவத்தையின் பழைய கொமியூனிக்கேஷன் கடைகளை மறந்துவிட்டார்கள். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளையோடு பேச, கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் பெற்றோருக்குக் காது பிள்ளையிடம், கண் மீட்டரில். வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா டெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்தது. மற்ற நிறுவனங்களும் அனுமதிப்பத்திரம் பெற்றன. கட்டணம் மளமளவென்று இறங்கியது. யாரும் விலைக்கட்டுப்பாடு போடவில்லை. அரிசிக்குப் போட்டுப் பார்த்தார்கள்: 2021 செப்டம்பரில் விதித்த உச்ச விலையை அதே மாதமே விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

கைத்தொலைபேசியில் காற்று இப்போது மறுபக்கம் வீசுகிறது. 2018இல் எட்டிசலாட் ஹட்ச்சோடும், 2024இல் ஏர்டெல் டயலொக்கோடும் சேர்ந்தன. ஐந்து நிறுவனங்கள் மூன்றாயின. சேர்ந்ததே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. நட்டத்தில் ஓடும் நிறுவனம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? தொலைத்தொடர்புக்கு ஓர் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவாவது இருக்கிறது. நாளை இரண்டு பெரிய அரிசி ஆலைகளோ சுப்பர் மார்க்கெட்டுகளோ ஒன்றானால், பாவனையாளருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்வது யார்? 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதியான வர்த்தக ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இருந்தது. 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வந்தபோது பழைய சட்டம் நீக்கப்பட்டது. நிறுவன இணைப்புகளை ஆராயும் அதிகாரமும் அதோடு போயிற்று. இந்தியாவில் பெரிய இணைப்பு என்றால் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

இணைப்புகளை ஆராயும் அந்த அதிகாரத்தை மீட்டுத் தரும் தேசியப் போட்டிக் கொள்கை ஒன்று நமக்கு வேண்டும். பெரிய கொம்பனிகள் இதைக் கேட்கப் போவதில்லை. புதிதாகக் கடை திறக்க வருபவரும், மாதச் சம்பளத்தில் சாமான் வாங்கும் நாமும்தான் கேட்க வேண்டும். குறித்த விலைக்கு மேல் அறவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். உங்கள் ஊரில் ஒரே ஒருவரிடம் மட்டுமே வாங்க வேண்டியிருக்கும் பொருள் எது, அதன் விலை என்ன என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்