இறங்கி உருட்டச் சொல்லும் தெரு

சைக்கிளுக்கு உகந்த நகரம் எது, உகந்த வட்டாரம் எது என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்துவிட்டது: போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். 2019இல் வாடகைச் சைக்கிள் நிறுத்தங்களும் வந்தன. சந்தோஷம்தான். ஆனால் நகரத்துக்குள் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போய்வந்த சனங்களை, பெரும்பகுதி தலித்துகளை, குடிசைகளைப் பிடுங்கிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டியதும் இதே காலத்தில்தான். வேலை நகரத்தில், வீடு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. இனி யாருக்கு அந்தச் சைக்கிள் பாதை?

தெருவின் அகலத்தை அளக்கிறார்கள். அந்தத் தெரு யாருடையது என்று கேட்பதில்லை. புதுக்கோட்டைக்காரர்களாகிய நாம் கேட்டாக வேண்டும் தோழர்களே. சைக்கிளை வைத்து வரலாறு எழுதிய மாவட்டம் இது.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்ணுக்குக் கடன் கொடுங்கள் என்று வங்கிகளை நெருக்கினார். வயக்காட்டுக் கூலிப் பெண்கள், கல் உடைக்கிற பெண்கள், கிராம நர்சுகள் எல்லாம் ஏறி மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தைச் சைக்கிளாலேயே நிறைத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆம்பள சைக்கிளையே வாங்கினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. சேலையை வரிந்து கட்டி, முழங்கால் தோல் உரிந்து, கண்மாய்க்கரையில் கற்றுக்கொண்டாள். கரையில் பறந்தவள், ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவாள். தெரு முடிகிறவரை உருட்டிக்கொண்டே நடப்பாள். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த நான், "ஏம்மா எறங்குற?" என்று கேட்டால், "பேசாம வாடா" என்பாள். அப்பாவும் அங்கேதான் இறங்குவார். பெல் அடிக்கக்கூட மாட்டார்.

கணவன் தடுத்ததை, ஊர் சிரித்ததை மீறி ஏறியவளை அந்த இருநூறு அடித் தெரு இறக்கிவிட்டது. தார் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். குழி இல்லை, மேடு இல்லை. எந்தக் கணக்கிலும் அது சைக்கிளுக்கு உகந்த தெருதான்.

இது பழங்கதை என்று சொல்கிறவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதை 2015இல் திருத்தியபோது, தலித் ஒருவர் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. செருப்பு, புதுத்துணி, கல்யாண ஊர்வலம் எல்லாம் அதே பிரிவில் இருக்கின்றன. நாடாளுமன்றம் உட்கார்ந்து சைக்கிளுக்குச் சட்டம் போடுகிறதென்றால் வியாதி எங்கே இருக்கிறது?

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அரசு சைக்கிளைக் கொடுத்தது, தெருவைக் கொடுக்கவில்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், நம் சனங்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. அதை விசாரிக்கப் போன இடத்தில்தான் இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளை வெளியே தெரிந்தது. அறிவொளிக்கு முப்பது வருஷம் கழித்து!

நான் வங்கிக் குமாஸ்தா. வண்டிக் கடன் கேட்டு வருகிற நம் பையன்களின் விண்ணப்பங்களை என் மேசையில் பார்க்கிறேன். அந்தப் படிவத்தில் வருமானத்துக்குக் கட்டம் உண்டு, ஜாமீனுக்குக் கட்டம் உண்டு. 'எந்தத் தெருவில் இறங்குவாய்?' என்பதற்குக் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்தை நாம் போடுவோம். மாணவத் தோழர்களே, விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்தத் தெருவில், யார், எதற்காக இறங்குகிறார்கள் என்று குறியுங்கள். அப்பாவிடம் கேளுங்கள், முக்கியமாக அம்மாவிடம் கேளுங்கள். அந்த நோட்டோடு தாலுகா ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் சேர்ந்தே போவோம். சட்டப் பிரிவைச் சொல்லி எழுதிக் கொடுப்போம்.

பிறகு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து அந்தத் தெருக்களில் மிதிப்போம். இறங்காமல். பெல் அடித்துக்கொண்டு.