அளவெடுக்காமல் அம்மாவுக்கு நாற்காலி வாங்காதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசினார். வாணியம்பாடிக்காரர், இப்போது இங்கே ரீடிங்கில் இருக்கிறார். "அப்பாவுக்கு முட்டி ரொம்ப மோசமாயிடுச்சு. பட்டனை அமுக்கினா ஆளைத் தூக்கி நிக்க வைக்கிற சேர் இருக்குல்ல, அதை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி ஊருக்கு அனுப்பப் போறேன். நீங்கதான் ஏற்கனவே வாங்கியிருக்கீங்களே, எந்த மாடல் நல்லது?" என்றார்.

"உங்க அப்பாவுக்கு முழங்கால் மடிப்பிலேர்ந்து தரை வரைக்கும் எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. "அதெல்லாம் எதுக்குங்க? ஃப்ரீ சைஸ்தானே?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2022-ல் நானும் இதே புத்திசாலித்தனத்தைத்தான் செய்தேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு நாற்காலி அனுப்புகிற எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டப்போகிறேன், என்னையும் சேர்த்து.

எங்கள் ஊர் குப்பம். சந்திரபாபு நாயுடு தொகுதி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆந்திராவின் மூலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் இடிக்கிற இடம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ரயிலேறினால் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நைனா போனபிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். லண்டனுக்கு வா என்றால், "அந்தக் குளுருல நான் என்னடா பண்ணுவேன்?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

முட்டிவலி அதிகமாகி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு இங்கே ஈஸ்ட் ஹாமில் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி பட்டனை அமுக்குவார், நாற்காலி பின்பக்கம் உயர்ந்து முன்னால் சாயும், பாட்டி நின்றுவிடுவார். அன்றைக்கு ராத்திரியே பெங்களூர்க் கடை ஒன்றில் எழுபதாயிரத்துச் சொச்சத்துக்கு ஆர்டர் போட்டேன். கார்டைத் தேய்த்த கையோடு மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. இப்போது யோசித்தால், அந்த நிம்மதியைத்தான் எழுபதாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். நாற்காலி அதோடு வந்த இலவச இணைப்பு.

நாற்காலி வந்தது. வீடியோ காலில் அம்மா மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். "நல்லாருக்குடா" என்றார். நானும் அலுவலகத்தில் நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டு மாசம் கழித்துத்தான் பக்கத்து வீட்டு அக்கா விஷயத்தைச் சொன்னார். ஒருநாள் மத்தியானம் அம்மா காலை நீட்டிச் சாய்ந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. கால்பலகை மேலே நிற்கிறது, முதுகு பின்னால் கிடக்கிறது. பட்டனை அமுக்கினால் அசையவில்லை. முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் இறங்கவும் முடியவில்லை. வாசல் கதவு உள்ளே தாழ். முக்கால் மணி நேரம். அவசரமாகப் பாத்ரூம் போகவேண்டியிருந்திருக்கிறது. போக முடியவில்லை. அதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அம்மா அதில் உட்காரவே இல்லை. வீடியோ காலில் நான் கூப்பிடும்போது மட்டும் போய் உட்கார்ந்திருக்கிறார், காலை நீட்டாமல். ஏம்மா சொல்லலை என்று கேட்டதற்கு, "ஆசையா வாங்கிக் குடுத்தியே, எப்படிடா சொல்றது?" என்றார்.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். கையில் ஒரு டேப் கொண்டுபோனேன். அம்மா நாலடி பத்து அங்குலம். முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்குப் பதினைந்து அங்குலம். நாற்காலி உட்காரும் உயரம் இருபது. ஐந்து அங்குலம் கால் தொங்குகிறது. இருக்கையின் ஆழமும் அம்மாவின் தொடையைவிட அதிகம். முதுகு சாயவேண்டும் என்றால் கால் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், கால் மடங்கவேண்டும் என்றால் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வேண்டும். நாற்காலிக்கு அடியில் பார்த்தால் கரண்ட் போனால் உதவும் பேட்டரிக்கு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பேட்டரி மட்டும் இல்லை. வாங்கிப் போடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடைக்குப் போன் செய்தால், "ஆந்திராவா சார்? எங்க சர்வீஸ் பெங்களூருக்குள்ள மட்டும்தான்" என்றார்கள். ரயிலில் இரண்டு மணி நேரம் போல. அவர்களுக்கு அது வேறு தேசம்!

பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவன் நான். கடன் கேட்கிறவரின் கடையை, வீட்டை நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பது முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஊரான் வீட்டு மாவு மில்லுக்கு அத்தனை விசாரணை செய்தவன், பெற்ற தாய் உட்காரும் நாற்காலியைப் போட்டோ பார்த்து வாங்கினேன்.

திரும்பி வந்து எதிர்வீட்டுப் பாட்டியின் மகளிடம் கேட்டேன். அவர்கள் கதையே வேறு. கவுன்சிலில் கேட்டு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். நாற்காலியைப் பற்றிப் பேசவே இல்லையாம். "கட்டிலிலிருந்து எழுந்து காட்டுங்கள், கழிவறைக்கு நடந்து காட்டுங்கள்" என்றிருக்கிறார். எல்லாம் பார்த்து, அளவெடுத்து, அதற்கப்புறம்தான் இந்த அளவில் நாற்காலி என்று எழுதிக் கொடுத்தாராம். நான் பார்த்தது பட்டனை மட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். அங்கே மெடிகேர் இந்த நாற்காலியில் தூக்கும் பொறிக்கு மட்டும்தான் பணம் தரும். மெத்தைக்கும் துணிக்கும் தராது. அதற்கும் நிபந்தனை உண்டு. இடுப்பிலோ முட்டியிலோ கடுமையான மூட்டுவாதம், அல்லது கடுமையான நரம்புத்தசை நோய் இருக்கவேண்டும். வீட்டில் உள்ள சாதாரண நாற்காலியிலிருந்து அறவே எழமுடியாதவராக இருக்கவேண்டும். அதே சமயம், எழுந்து நின்றபின் நடக்கக்கூடியவராகவும் இருக்கவேண்டும். சர்க்கார் விதிகளை நான் சாதாரணமாகப் பாராட்டுகிறவன் இல்லை. ஆனால் இதை எழுதியவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. இது உட்காருவதற்கான சாமான் இல்லை, எழுந்து போவதற்கான சாமான்.

நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "அம்மா கஷ்டப்படாம உக்காந்திருக்கட்டும்" என்று வாங்குகிறோம். தானே எழக்கூடியவரை நாள் முழுக்கப் பொறி தூக்கிவிட்டால் தொடைக்கு வேலை இல்லை, இருக்கிற பலமும் போகும். நாள் பூராவும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் புண் வரும். நம் பாசத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

எங்கள் ஊரிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் ஒரு சின்னச் சோதனை வைத்தார். அமெரிக்காவின் சி.டி.சி. முதியவர்கள் கீழே விழும் ஆபத்தை அறியப் பரிந்துரைப்பது. பதினேழு அங்குல உயர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணவேண்டும். 75 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அம்மா ஐந்து தடவை எழுந்தார். எழவே முடியாதவர் என்று நான் லண்டனில் இருந்து தீர்ப்பு எழுதியவர்! (வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கவேண்டும்.)

அம்மாவால் எழமுடியாமல் இருந்தது நைனாவின் பழைய கித்தான் சாய்வு நாற்காலியில்தான். அதில் குழி மாதிரி உள்ளே போய்விடுவோம், என்னாலேயே ஒரு தடவையில் எழ முடியவில்லை. அதை ஓரம் கட்டினோம். கைப்பிடி உள்ள மர நாற்காலி ஒன்றை எடுத்து, ஆசாரியிடம் சொல்லி அம்மாவின் காலுக்கு ஏற்ற உயரம் வைத்தோம். கட்டிலுக்கும் அப்படியே. கழிவறையில் உயரமான இருக்கை, சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி. எல்லாம் சேர்த்து நாற்காலி விலையில் கால்வாசி கூட ஆகவில்லை. தினமும் காலையில் பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார் பிசியோ. அம்மா அதை ராமநாமம் மாதிரி எண்ணிச் செய்கிறார்.

அப்படியானால் லிஃப்ட் சேரே வேண்டாமா? வேண்டியவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பார்க்கின்சன், கடுமையான மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டுக் கை கேட்க வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. அப்படி வாங்குவதானால் இதையெல்லாம் பாருங்கள்:

1. உட்காருகிறவரின் அளவு. முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை உயரம். பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும். முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஆழம், அதில் இரண்டு விரல் இடம் விடவேண்டும். பிறகு இடுப்பு அகலம், உடல் எடை.

2. மோட்டார் ஒன்றா இரண்டா? ஒன்று என்றால் முதுகும் காலும் சேர்ந்தே நகரும். இரண்டு என்றால் தனித்தனியாக. கால் வீக்கத்துக்காகக் காலை மட்டும் தூக்க வேண்டியவருக்கு இரண்டு மோட்டார் வேண்டும்.

3. கரண்ட் போனால் என்ன ஆகும்? சில மாடல்களில் உள்ள சின்ன பேட்டரி ஒருமுறை கீழே இறக்கத்தான் தாங்கும். ஊரில் இன்வெர்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். கொடுத்தபின் மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

4. தரை. எங்கள் பக்கம் கிரானைட் வெட்டுகிற பூமி, வீடெல்லாம் வழவழ கல். நாற்காலி முன்னால் சாயும்போது வழுக்கக் கூடாது, கால் ஊன்றுகிற இடமும் வழுக்கக் கூடாது.

5. புடவை. எந்த விற்பனையாளரும் இதைச் சொல்ல மாட்டார். முந்தானை கால்பலகைக்குள்ளும் பக்கவாட்டுப் பொறியிலும் சிக்கும். பேரப்பிள்ளைகளின் விரலும்தான். எழுந்துபோகும்போது கால்பலகையை இறக்கிவிடச் சொல்லுங்கள்.

6. ரிமோட். பெரிய பட்டன், குறைந்த பட்டன். கண் சரியாகத் தெரியாதவர் தடவிப் பார்த்தே மேலே எது, கீழே எது என்று அறியவேண்டும்.

7. ரிப்பேர் என்றால் உங்கள் ஊருக்கு யார் வருவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இங்கிலாந்திலேயே பெற்றோரை வைத்திருப்பவர்கள் கவுன்சிலில் அசெஸ்மென்ட் கேளுங்கள், அது இலவசம். நாள்பட்ட நோய் உள்ளவருக்கு வாங்கும்போது இந்த வகை நாற்காலிக்கு 20 சதவீத வாட் வரி விலக்கு கிடைக்கும். கடையில் படிவம் கேட்டு வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உட்காரப்போகிறவரிடம் கேளுங்கள். "சேர் வேணுமா?" என்று கேட்காதீர்கள், "எதுக்குடா செலவு" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல எழுந்திருக்கக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் அம்மாவுக்கு அது கழிவறை. நான் வாங்கி அனுப்பியது ஹாலுக்கு.

அந்த நாற்காலி இப்போதும் குப்பத்தில் இருக்கிறது. இன்வெர்டரில் இணைத்து, பேட்டரி போட்டு, அடியில் கால் வைக்கப் பலகையும் செய்து வைத்தேன். அம்மா அதில் துவைத்த துணியை மடித்து வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எட்டு வந்துடுச்சுடா" என்றார்.

வாணியம்பாடி நண்பர் அடுத்த மாசம் ஊருக்குப் போகிறார். டேப் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை, வங்கிக்காரன். எந்த நாற்காலிக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தரவில்லை. இதைப் படித்தபின் தரவும் மாட்டார்கள் :-)